தயவுசெய்து மேசையில் சாய வேண்டாம்

என் மாப்ள சாகுலுக்கு,

நீ போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. இன்னும் மாடிப்படியில் நின்று "மாப்ள" என்று கூப்பிட்டால், "ஏலே, இந்தா வாரேன்" என்று மேலேயிருந்து உன் குரல் வரும் போலத்தான் இருக்கிறது. இன்று மத்தியானம் மறந்துபோய் ஒரு தடவை கூப்பிட்டும் விட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஓர் அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

உனக்கு ஒரு சேதி. உன் பூல் டேபிளுக்கு இன்று புதுத் துணி போட்டாயிற்று. மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து பச்சைத் துணியை உரித்து, அடியிலுள்ள கல்லைத் துடைத்து, புதுசை இழுத்து ஒட்டிவிட்டுப் போனார். அந்த மேசையைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. அதை ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ பஹ்ரைனிலிருந்து ஒரேயடியாக வந்து இறங்கிய நாளை நினைத்துக்கொள்கிறேன். தேவிபட்டினத்துக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் போர்வையும் தைலமும் கொண்டு வருவார்கள். நீ கம்பால் பந்தைக் குழியில் தள்ளுகிற பூல் விளையாட்டைக் கொண்டு வந்தாய். பதினெட்டு வருஷம் அங்கே ஒரு கிளப்பில் மேசை துடைத்தவன் நீ. துடைத்த மேசையில் ஒரு நாளாவது விளையாட விட்டார்களா என்று கேட்டதற்கு, "தொடைக்கத்தானே சம்பளம் குடுத்தாக" என்று சொல்லிச் சிரித்தாய். ஊருக்கு வந்து என் கடைக்கு மேலேயே மாடியைப் பிடித்து மேசையைப் போட்டாய். கீழே என் ஜெராக்ஸ் கடை, மேலே உன் பூல் ரூம். எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மறுபடியும் ஒரே கூரைக்கு வந்து சேர்ந்தோம்.

மேசை வந்து இறங்குவதற்கு முன்னாலேயே அதற்கான விதிமுறை வந்தது. அதை எழுத உட்கார்ந்த அன்று நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? "மேசையில் உட்காரக் கூடாது, சாயக் கூடாது" என்று நான் டைப் செய்து வைத்தேன். நீ பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாய்.

"இது என்னடா, போலீஸ் டேசன் போர்டு மாதிரி? தயவுசெய்துன்னு போடு."

"எங்கன போட?"

"எல்லா வரிக்கும் போடு."

மூன்று வரிக்கு மூன்று தயவுசெய்து. தயவுசெய்து மேசையில் உட்கார வேண்டாம். தயவுசெய்து மேசையில் சாய வேண்டாம். தயவுசெய்து அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பணிவு கிடையாது என்று கிண்டல் செய்துகொண்டேதான் லேமினேட் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மேசைக்கு இவ்வளவு ராங்கியா என்று ஊரில் பேசினார்கள். நானும் பேசினேன். அப்புறம் ஒரு நாள் நீ என்னை மேசைக்கடியில் குனிய வைத்துக் காட்டினாய். துணிக்குக் கீழே இருப்பது பலகையில்லை, மூன்று கற்பலகை. மூன்றையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்து மட்டம் பார்த்து வைத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் ஏறி உட்கார்ந்தால் சட்டம் இளகும், மட்டம் போகும், அப்புறம் பந்து அடிக்காத பக்கமெல்லாம் ஓடும். பஹ்ரைனில் ஒரு பெரிய மனுஷன் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்ததில் மேசை கோணிப்போனதும், திட்டு மட்டும் உனக்குக் கிடைத்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே யாரையும் "எந்திரிங்க" என்று சொல்ல உனக்கு வாயில்லை. அதனால்தான் இங்கே இந்தப் பிடிவாதம் என்று புரிந்துகொண்டேன்.

ஆனால் நீ யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. விசைப்படகு வைத்திருக்கும் அந்தப் போட்டுக்காரர் வந்தாரே, தொடை தெரியக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசை மேல் ஜம்மென்று உட்கார்ந்தவர். கூட வந்தவர்கள் எல்லாம் உன்னையே பார்த்தார்கள். நீ மூலையில் கிடந்த மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, அவர் பக்கத்தில் வைத்தாய்.

"மொதலாளி, இதுல உக்காருங்க. அது பந்து படுக்குற எடம்."

மனுஷர் எழுந்தார். அப்புறம் எப்போது வந்தாலும் நேரே அந்த ஸ்டூலைத்தான் தேடுவார். மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகாமல் கரையில் கிடக்கும் ஆட்கள் இருபது பேர் வந்தாலும், அந்த அறையில் ஒருத்தர் இடுப்பு மேசையில் படாது. அடிக்கிறவன் கை எட்டாமல் எம்பினால், லாரிக்கடியில் பார்ப்பது மாதிரி நீ குனிந்து பார்ப்பாய். "காலு தரைல இருக்கா அத்தா? இருந்தா அடி, இல்லாட்டி நீட்டுக் கம்ப எடு."

எனக்கு மட்டும் சலுகை உண்டென்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் டீ கிளாஸை மேசை விளிம்பில் வைத்தேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே மேலேறி வந்து, "நீ இருந்தாலும் இல்லாட்டியும் ஒன் மேசைய நான் பாத்துக்கிடுறேன், போதுமா?" என்றேன். அப்புறம்தான் சிரித்தாய். அன்றிலிருந்து உன்னைவிட நான்தான் கறார். ராஜாவை மிஞ்சின ராஜ விசுவாசி என்பார்களே, அது நான்தான்.

அந்தக் கறார்தான் என்னை இன்று தூங்க விடாமல் அடிக்கிறது.

உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். வாரத்தில் மூன்று நாள் ராமநாதபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு பஸ்ஸில் திரும்புவாய். வீட்டுக்குப் போய்ப் படு என்றால் கேட்க மாட்டாய். "மேசையப் பாத்துட்டுப் போறேன்" என்று பதினெட்டுப் படியும் ஏறி வருவாய். ஆளே பாதியாகிவிட்டாய். சட்டைக்குள் உன்னைத் தேட வேண்டியிருந்தது.

போன வருஷம் தடைக்காலம் முடியப்போகிற சமயம். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து வந்தாய். மேலே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், நானும் கடையைச் சாத்தாமலே மேலே வந்து நின்றேன். ஒரு ஆட்டம் போடுவோமா மாப்ள என்று கேட்டாய். கம்பு வழுக்க வேண்டுமென்று கையில் பவுடர் போட்டுக்கொண்டாய். இரண்டு பந்தை அழகாகக் குழியில் போட்டாய். மூன்றாவதுக்கு மேசையைச் சுற்றி வந்தவன், நடுவில் நின்று, கம்பைச் சுவரில் சார்த்திவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் துணியில் ஊன்றி, இடுப்பை விளிம்பில் கொடுத்துச் சாய்ந்தாய்.

எனக்குக் குஷி. பத்து வருஷத்தில் நீ மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. சுவரில் இருந்த போர்டைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உரக்கப் படித்தேன்.

"தயவுசெய்து... மேசையில்... சாய வேண்டாம்!"

அறையே சிரித்தது. நீயும் சிரித்தாய். சட்டென்று கையை எடுத்தாய். "ரூல்ஸுன்னா ரூல்ஸுதான் மாப்ள" என்றாய். எடுத்த கை எங்கே போவதென்று தெரியாமல் ஒரு நொடி நின்றது. அதை நான் பார்த்தேன் சாகுல். பார்த்துவிட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நீ ஸ்டூலைத் தேடினாய். மூலையில் அது இல்லை. கீழே என் கடையில் விண்ணப்பம் நிரப்ப வந்தவர்கள் உட்காரட்டும் என்று காலையில் நான்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். யாருக்கெல்லாமோ நீ துடைத்துப் போட்ட ஸ்டூல், உனக்கு வேண்டிய நேரத்தில் என் கடையில் கிடந்தது. நீ சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். அப்புறம் "நீங்க ஆடுங்க, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கினாய். நான் கூட வரவில்லை. பாதி ஆட்டம் இருந்தது.

அதன் பிறகு நீ அந்தப் படி ஏறவேயில்லை. பதினோராம் நாள் பள்ளிவாசலில் உன் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். சந்தூக்குப் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு நானும் தோள் கொடுத்தேன். மையவாடியில் மூன்று கைப்பிடி மண் போட்டேன். தோளில் நீ கனமே இல்லை மாப்ள. இவ்வளவுதானா நீ, இந்தக் கனத்தையா ஒரு மேசை தாங்காது என்று நினைத்தேன்? அன்று அழுததைவிட அதை நினைத்து அப்புறம் அழுததுதான் அதிகம்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போனபோது உன் வீட்டுக்காரி மும்தாஜ் தங்கச்சியிடம் மட்டும் லேசாகக் கேட்டேன், அன்றைக்கு நீ வீட்டில் ஏதாவது சொன்னாயா என்று.

"சிரிச்சாக அண்ணே. செல்வராசு என்னய கையும் களவுமா புடிச்சுட்டான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. பெறகு செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக."

இதில் எதை நான் எடுத்துக்கொள்ள? சிரித்ததையா, திரும்பிப் படுத்ததையா? உடம்பு நோவில் திரும்பினாயா, மனசு நோவிலா? ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீ பதில் சொல்லப் போவதில்லை என்றும் தெரியும்.

அன்று நீ ஊன்றின இடத்தில் பவுடரோடு இரண்டு உள்ளங்கை பதிந்திருந்தது. மறுநாள் காலையில்தான் பார்த்தேன். மேசையைத் தினமும் பிரஷ் போட வேண்டும் என்பது உன் விதி. போட்டேன், அந்த ஓரத்தை விட்டுவிட்டுப் போட்டேன். நீ போன பிறகு அந்த ஓரத்தில் யாரையும் கை வைக்க விடவில்லை. அங்கே பந்து போனால் மெதுவாகிறது என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். கடல்காற்று ஈரத்தில் துணியும் நைந்துகொண்டே வந்தது. கடைசியில் மும்தாஜ்தான் சொன்னது. "கிழிஞ்ச துணியில பந்து ஓடுனா அவுகளுக்குப் பொறுக்காது அண்ணே. மாத்திருங்க."

மெக்கானிக் வந்ததும் சொல்லிவிட வேண்டும், அந்த ஓரத்தை மட்டும் பதனமாகக் கத்தரித்துக் கொடுங்கள் என்று. வார்த்தையைத் தயார் செய்துகொண்டு நின்றேன். அவர் துணியின் நுனியைப் பிடித்தார், ஒரே இழுப்பு. பவுடர் புகை மாதிரி எழும்பி ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது. "எம்புட்டுத் தூசி சார்" என்று அவர் தும்மினார். அவ்வளவுதான்.

அப்புறம் அவர் கல் மேல் ரசமட்டத்தை வைத்தார். ஓர் ஓரம், மறு ஓரம், குறுக்கே, நெடுக்கே. எங்கே வைத்தாலும் குமிழி நட்டநடுவில் போய் நின்றது.

"பதினோரு வருசமா? நான் பாத்த மேசை எல்லாம் ரெண்டே வருசத்துல கோணிப் போகும். இதுல ஒருத்தரும் சாஞ்சதே இல்லையா சார்?"

"இல்ல" என்றேன். அப்புறம் கேட்டேன். "ஒரு ஆளு, ஒடம்பு முடியாத ஆளு, கைய ஊனிச் சாஞ்சு நின்னா இது தாங்காதா?"

அவர் கல்லைத் தட்டிக் காட்டினார். "இதையா கேக்குறீங்க? கல்லு சார். அவரு நாள் பூரா நின்னாலும் தாங்கும்."

கீழே இறங்கி வந்து கடையில் உட்கார்ந்தேன். அந்த ஸ்டூல் மேல்தான் உட்கார்ந்தேன் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்போதே எழுந்து, துடைத்து, மேலே கொண்டுபோய் உன் மூலையில் வைத்தேன். இனி அது படி இறங்காது.

உன் மேசையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னே சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், மாப்ள. மட்டம் ஒரு முடி அளவும் பிசகவில்லை. இப்போது வேறு வாக்குத் தருகிறேன். இனி அந்த அறைக்கு வருகிறவர்களின் காலைக் குனிந்து பார்ப்பதற்கு முன்னால், முகத்தை நிமிர்ந்து பார்ப்பேன்.

பழைய போர்டு மங்கிவிட்டது. இன்று சாயங்காலம் புதுசு டைப் செய்தேன். உன் மூன்று வரியும் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. நான்காவதாக ஒரு வரி நானாகச் சேர்த்திருக்கிறேன். அதற்கும் தயவுசெய்து போட்டிருக்கிறேன், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

"உடம்புக்கு முடியாதவர்கள் தயவுசெய்து சாய்ந்துகொள்ளவும்."

இப்படிக்கு,
அன்று உன் பின்னாலேயே படியிறங்கி வந்திருக்க வேண்டிய
உன் மாப்ள செல்வராசு