நீளக் குழாய்

அன்புள்ள அம்மாவுக்கு, இங்கே நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

கால்நடை மருத்துவக் காலேஜில் கேட்ட ஸ்டெதாஸ்கோப்பை வாங்கிவிட்டேன். கடைக்காரர், "மாட்டுக்கா, பூனைக்கா?" என்றதும் திருதிருவென முழித்தேன். மாடு உதைத்தால் தள்ளி நிற்கலாமே என்று நீளக் குழாயாகப் பார்த்து எடுத்தேன். "பக்கத்துத் தெரு மாட்டைக்கூட இங்கிருந்தே பார்க்கலாம்டி" என்று அறைத்தோழி கிண்டல் செய்கிறாள்.

நேற்று ஒருவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். டாக்டர் வருவதற்குள் நான் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. குழாய் நீண்டால் சத்தம் குறையும் என்பார்களே என்று, தோழியின் குட்டைக் குழாயை வாங்கி வைத்தேன். அதிலும் இல்லை. நாய்க்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற நல்லதா ஒண்ணு இருந்தா வெச்சுப் பாரும்மா" என்றார். வேறு இல்லை. மறுபடியும் என்னுடையதையே வைத்தேன்.

இதற்கெல்லாம் நீ கவலைப்படாதே. முடிந்தால் என் பழைய ஸ்வெட்டரை அனுப்பு. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. நம் பூனை தூங்கும்போது அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, துடிக்கிறது என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன் மகள்