வருடத்துக்கு ஒருநாள் போடும் ஷூ

வால்யெவோ,
நவம்பர், மழை விட்ட ஒரு மத்தியானம்

அன்பு மகள் தியானாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், பூனை நலம், போன மாதம் மாற்றிய கூரை ஓடும் ஒழுகாமல் நலமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஆஸ்லோ குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். உன் அப்பாவை இந்த நலக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, அதற்காகத்தான் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு உன் காதில் விழுகிற மாதிரி பலமாகச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்புக்கு மேல் நான் எதைச் சொல்வது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வலது காலில் சுண்டுவிரல் இல்லை. பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். சின்னப் புண், ஆறிவிட்டது என்று உனக்குச் சொன்னோம். இப்போது அதற்குப் பக்கத்து விரலின் அடியில் மறுபடி தோல் பிளந்து புண்ணாகியிருக்கிறது. டிசம்பரில் நம் குலப்புனிதர் நிக்கோலாவின் நாள் வருகிறது. வழக்கம்போல வீட்டுத் தலைவனாகக் காலையிலிருந்து நின்றுகொண்டே விருந்தாளிகளைக் கவனிப்பேன் என்று அவர் பிடிவாதம். நாள் முழுக்க நின்றால் பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டரம்மா ஸ்மில்யானா முகத்துக்கு நேராகச் சொல்லியாயிற்று.

இது எப்படி வந்தது என்று கேட்டால், ஒரு நாளில் வரவில்லை. அவர் நோயைக் கவனித்த லட்சணம் உனக்குத் தெரியும். தலை வலித்தால் பிரஷர் மாத்திரை, வலிக்காவிட்டால் மாத்திரைக்கு விடுமுறை. சர்க்கரை மாத்திரை பண்டிகை நாளில் கிடையாது, விருந்துக்கு மரியாதையாம். நோன்புக் காலத்தில் இறைச்சி இல்லை பால் இல்லை, அதனால் சர்க்கரையும் ஏறாது என்று அவரே ஒரு வைத்திய நூல் எழுதி வைத்திருந்தார், அந்த நூலின்படி ரொட்டியும் உருளைக்கிழங்கும் பூசணிப் பணியாரமும் வயிறு முட்டச் சாப்பிடலாம். போகிற வீட்டிலெல்லாம் தட்டில் பழப்பாகும் தண்ணீரும் வரும், ஒரு கரண்டி எடுக்காவிட்டால் அந்த வீட்டுக்காரிக்கு அவமானம், நம் தெருவில் எத்தனை வீடு என்று நீயே எண்ணிக்கொள். பாதம் மரத்துப்போகிறது என்று இரண்டு வருடமாகச் சொன்னார். காரணம் நானாம். "நீ அடுப்படி ஜன்னலையும் வாசக் கதவையும் ஒண்ணா திறந்து போட்டே, காத்து காலுக்குள்ள பூந்துடுச்சு" என்றார். நம் ஊரில் ஜன்னல் காற்று செய்யாத கொலை உண்டா, நானும் நம்பித்தான் ஜன்னலைச் சாத்தினேன். கம்பளிக் காலுறை ஒன்றுக்கு இரண்டாகப் பின்னியும் கொடுத்தேன். சர்க்கரை வருடக்கணக்கில் ஏறிக் கிடந்து நரம்பைத் தின்றுகொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

போன வருடம் குலப்புனிதர் நாளன்று அந்தக் கறுப்பு ஷூவை எடுத்துப் போட்டார். வருடத்துக்கு ஒருநாள் போடுவார், மற்ற நாளெல்லாம் அது சாமான் அறையில் வால்நட் கூடைக்குக் கீழே கிடக்கும். காலையில் மெழுகுவர்த்தி ஏற்றியதிலிருந்து கடைசி விருந்தாளி போகும்வரை உட்காரவில்லை. உன் ஞானத்தகப்பன் போகோசாவ் மூன்றாவது கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "விதோமிர் மாதிரி நிக்கிறதுக்கு இந்த ஊர்ல இன்னொரு ஆம்பள இல்லடா!" என்று உன் அப்பாவைக் காட்டிக் கத்தினார். எல்லோரும் போன பிறகு ஷூவைக் கழற்றினால் காலுறை முழுக்க ரத்தம். உள்ளே ஒரு வால்நட் ஓடு, பாதி ஓடு, விளிம்பு கத்தி மாதிரி. நான் பதறினேன். அவர் சிரித்தார். "பாரேன் ராதோய்கா, எனக்கு வலிக்கவே இல்ல!" என்று ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது வழக்கமான கதைதான். புண்ணின் மேல் பிளம் சாராயத்தை ஊற்றினார், புண்ணுக்கு வைக்கும் அந்தத் தோட்டத்துப் பச்சிலையைக் கட்டினார், காலை உப்புப் போட்ட வெந்நீரில் வைத்தார். வெந்நீரின் சூடும் அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கொப்புளம் கிளம்பி நாற்றம் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். வலியே இல்லையே டாக்டர் என்று அங்கேயும் பெருமை. அதற்கு ஸ்மில்யானா, "வலிக்கலங்கிறதுக்குத்தாங்க நீங்க ஓடி வந்திருக்கணும்" என்றார்.

நான் பஸ் நிலையத்தில் சீட்டுக் கிழித்தவள், எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. காய்ச்சல், பல்வலி எல்லாம் ஒரு தடவை ஏறி இறங்குகிற ஆட்கள். சர்க்கரையும் பிரஷரும் மாத பாஸ் வைத்திருப்பவர்கள், கத்தினாலும் இறங்க மாட்டார்கள், இல்லாத மாதிரி நடித்தாலும் இறங்க மாட்டார்கள். தினமும் பார்த்து, பேசி, ஒரு இடத்தில் உட்கார வைக்க வேண்டும். இப்போது மாத்திரை நேரத்துக்குப் போகிறது, உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும் போகிறது. ரொட்டி பாதியாயிற்று. சாயங்காலம் அவர் காலை என் மடியில் வைத்து அடிப்பாதம், விரலிடுக்கு எல்லாம் பார்க்கிறேன், தொப்பை இடிப்பதால் அவரால் குனிந்து பார்க்க முடியவில்லை. ஆரம்பத்தில் வெட்கப்பட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்படிப் பார்த்ததால்தான் புதுப் புண் கடுகளவில் இருக்கும்போதே அகப்பட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது தியானா, இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டவர் உட்காருவதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. போகோசாவ் வேறு வந்து, "உக்காந்துகிட்டு வான்னு கூப்பிடுற வீட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வருவேன்?" என்று தூபம் போட்டார். எனக்கு வந்தது கோபம். "இத்தனை வருஷமா மூணு நாள் முந்தியே அடுப்படில நிக்கிறேனே, அதை எந்தப் புனிதர் பார்த்தாரு? நிக்கிறதுதான் பெருமைன்னா எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க" என்றேன். போகோசாவ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் போயிற்று. நேற்று உன் அப்பா கால் என் மடியில் இருக்கும்போது கூரையைப் பார்த்தபடி, "தியானா நிக்கட்டும்" என்றார். நான் காது கேட்காதவள் மாதிரி இருந்தேன், இரண்டாம் தடவை சொல்லட்டும் என்று. சொன்னார். இன்று காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து போகோசாவ், "பொம்பளப் புள்ள நின்னா நான் யாருக்குய்யா கை குடுத்து வாழ்த்துறது?" என்று கேட்டார். "அவளுக்குக் குடு. கை இருக்குல்ல அவளுக்கு" என்றார் உன் அப்பா. பிறகு என்னிடம், "வெரல் போனதையும் எழுதிடு. போன்ல சொன்னா அவ அழுவா, என்னால கேக்க முடியாது" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகவே விடுப்புக்குச் சொல்லி வை. புனிதருக்குப் படைக்கிற ரொட்டியை அறுக்கும்போது அப்பா நாற்காலியிலிருந்தே கை வைப்பார், நீ நின்று பிடிப்பாய். மீன் சூப்பும் பீன்ஸும் நான் பார்த்துக்கொள்கிறேன், அந்த வேலைக்கு ஒரு முக்காலி வாங்கிவிட்டேன், இந்த வருடம் நானும் உட்கார்ந்துதான் கிண்டுவேன். இது குடும்பத்தில் ஓடும் நோய், முப்பத்தைந்து தாண்டிவிட்டாய், கிளம்புவதற்கு முன் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்துவிட்டு வா. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொல்லாதே, உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

நிக்கோலா புனிதர் உன்னையும் மாப்பிள்ளையையும் வழித்துணையாக இருந்து காக்கட்டும், உங்கள் வீட்டில் ரொட்டியும் விளக்கும் குறையாமல் இருக்கட்டும். அப்பா ஒன்று எழுதச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "நாள் பூரா நிக்கணும், தட்டையான ஷூவாக் கொண்டாரச் சொல்லு. போடுறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டச் சொல்லு."

ஆசிகளுடன்,
உன் அம்மா ராதோய்கா