முட்டிவலிக்கு ஒரு வேண்டுதல்

அக்டோபர் 6, 2025

துணி காயப்போடும்போது இன்றும் கொல்லிமலையைப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக அது அங்கேயே நிற்கிறது, நான் வாக்கப்பட்டு வந்த எருமப்பட்டியிலேயே நிற்கிறேன். "ஒருக்கா தனியாப் போயி மலைக்காட்டைப் பாத்துட்டு வாரனுங்க" என்றேன். "நம்ம சோளக்காடு மூணு ஏக்கரா இருக்குதல்ல, அதைப் பாரு" என்றார் தனபால். (புருஷன் பெயரை வாயால்தான் சொல்லக்கூடாது. எழுதத் தடையில்லை.)

அக்டோபர் 9

இந்த வீட்டில் பெண்பிள்ளை வெளியே போக மூன்று காரணம்தான் செல்லும்: கல்யாணம், இழவு, கோயில். முதல் இரண்டுக்கும் ஆள் கிடைக்கவில்லை. பொய் சொன்னேன் — "உங்க முட்டிவலி தீர, அருவியில தனியா முழுகி வெளக்குப் போடறேன்னு கொல்லிமலை அறப்பளீஸ்வரருக்கு வேண்டியிருக்கறனுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "எனக்காகவா?"

வெட்கமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 10

தனியாகவாவது! வேன் பேசியாகிவிட்டது. பதினான்கு பேர். அவருடைய அக்கா ஆத்தாயி இப்போதே புளி ஊறவைத்துவிட்டார்.

அக்டோபர் 13

எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பதாவதில் அக்காவுக்கு வாந்தி. அறுபதாவதில் மொத்த வேனும் என் வேண்டுதலைத் திட்டியது.

அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்க வேண்டும். பத்தாவது படியில் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்குப் புளிச்சோறு பெரிதாகிப்போனது. "நீ போ. வேண்டுனவ நீதான" என்றார். எந்த முட்டியைச் சொல்லி ஏமாற்றினேனோ அதே முட்டி என்னைத் தனியே அனுப்பியது. சாமி இல்லையென்று யார் சொன்னது?

தூறல். பலாமரம், மிளகுக்கொடி, பெயர் தெரியாத ஒரு பறவை. யாரும் தண்ணீர் கேட்டுக் கூப்பிடவில்லை. அருவி தலையில் விழுந்ததும் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினேன். அழுகை வந்தது — ஏன்? அவ்வளவு சந்தோஷம்.

மேலே ஏறி வந்ததும் அவர் என்னையே பார்த்தார். "ஏம்புள்ள, நம்ம கண்ணாலத்தன்னிக்குக்கூட நீ இப்படிச் சிரிக்கலையே."

என் கைப்பையையும் பார்த்தார். விளக்குக்குக் கொண்டுபோன எண்ணெய்ப் பாட்டில் மூடி திறக்காமல் கிடந்தது. விளக்குப் போட மறந்தே போனேன். பை வாயை அவரே இழுத்து மூடினார்.

அக்டோபர் 21

முட்டி அப்படியேதான் வலிக்கிறதாம்.

நவம்பர் 2

நாமக்கல் போய்வந்தவர் ஒரு பெட்டியை நீட்டினார். கேன்வாஸ் ஷூ, என் அளவு. "கோயிலுக்குப் போட்டுக்கிட்டுப் போ" என்றார்.

"கோயிலுக்கு எதுக்குங்க ஷூ?"

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "வலி இன்னும் போகுலை. வேண்டுதல் பாக்கி இருக்கறாப்பல இருக்குது. இந்தவாட்டி வேன் வேண்டாம், நீ மட்டும் பஸ்ஸுல போ. அந்த எண்ணெய்ப் பாட்டிலை ஊட்லயே வெச்சிரு. சும்மா எதுக்குச் சொமக்கற?"