ஒரேயொரு மரவள்ளிக்கிழங்கு

2006 நவம்பர் 14, செவ்வாய்

இன்றும் அந்த எல் சல்வடோர்க்காரர் வந்தார். எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்து, கண்ணாடி முழுக்கப் பேப்பர் ஒட்டி வைத்திருப்பவர். என்ன கடை திறக்கப் போகிறார் என்று கேட்டால் சிரிக்கிறார். ஒரு கிழமையாகத் தினமும் ஒரேயொரு மரவள்ளிக்கிழங்குதான் வாங்குகிறார். ஒரு கிழங்கை வைத்து யார் சமைப்பது?

இன்று நான் மீதிக்காசு எடுத்துத் திரும்பியபோது, கிழங்குப் பெட்டியைத் திருப்பி, லேபிளில் இருந்த மொத்த வியாபாரியின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கணவரிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, அந்தாள் எங்கட பெட்டியை வாசிக்குது. நாளைக்கு இதே கிழங்கைப் பக்கத்தில விலை குறைச்சு விக்கும்."

"உமக்கு ஆரைப் பாத்தாலும் சந்தேகம்தான். அவையளும் மரவள்ளி சாப்பிடுற சனம்தானே."

இவருக்கென்ன தெரியும்? கடையைப் பூட்டுமுன் எல்லா லேபிளையும் கிழித்துப் போட்டேன்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இந்தக் கடையைத் திறக்குமுன் ஒரு மாதம், சந்தியிலிருந்த வியட்நாம்காரரின் கடைக்குப் போனேன். தினமும் ஒரு துண்டு இஞ்சி வாங்கிக்கொண்டு, பெட்டிகளில் இருந்த மொத்த வியாபாரிகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். அவர் கவனிக்கவேயில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஆனால் முதல் இரண்டு நாள்தான் நான் பெட்டிகளைத் திருப்ப வேண்டியிருந்தது. பிறகு நான் போகும்போதெல்லாம், எல்லாப் பெட்டியும் பெயர் தெரிகிற பக்கம் முன்னால் இருக்கும்படியே அடுக்கியிருந்தது.