உங்கள் வீட்டில் நான் நடத்திய மூன்று நாள் குடித்தனம்

என் ருக்மணி அக்காவுக்கு, ஏழாவது மாடி போதாதென்று அதற்கும் மேலே குடிபோய்விட்ட மகராசிக்கு,

அங்கே லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா? இங்கே பழையபடிதான். லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் குடியிருக்கிற கட்டடத்திலேயே லிஃப்ட் வாரத்துக்கு இரண்டு நாள் நின்றுபோகிறது என்று என் வீட்டுக்காரர் செல்வத்தைப் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் நீங்கள். இப்போது நானே சொல்லி நானே சிரித்துக்கொள்கிறேன். அவர் முறைக்கிறார்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், விவரம் பிறகு. போன மாதம் உங்கள் வீட்டில் மூன்று நாள் குடித்தனம் நடத்தினேன். சும்மா இல்லை, என் வீடு என்று சொல்லி நடத்தினேன். அதற்காக உங்கள் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். மாலையோடு.

கோபப்படாமல் கேளுங்கள். கோபப்பட்டாலும் கேளுங்கள். வேறு யாரிடம் போய் இதைச் சொல்ல?

ஆரம்பம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன் அருப்புக்கோட்டையிலிருந்து இந்த மலேசியாவுக்கு நாங்கள் கிளம்பியபோது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதே எங்கள் அண்ணனின் முடிவு. பெயின்ட் கடையைப் பூட்டிவிட்டு விமான நிலையம் வரை புலம்பிக்கொண்டே வந்தார். இங்கே வந்த முதல் வாரம், எங்கள் நாலாவது மாடி ஒற்றை அறை வீட்டில் வைஃபை இல்லை. லிஃப்டில் பழக்கமான நீங்கள், "என் வீட்ல வந்து பேசு லா" என்றீர்கள். உங்களுடையது மூலை வீடு, மூன்று அறை, நீல சோபா, ஜன்னலுக்குக் கீழே ரயில் போகிற அழகு. அண்ணன் திரையில் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே சரசு, நல்ல வீடாத்தான் புடிச்சிருக்கீங்க" என்றார். எத்தனையோ நாளாக அவர் முகத்தில் காணாத தெளிவு. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன்.

கேமராவுக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நீங்கள் கண்ணடித்தீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோபாவுக்குப் புது உறை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூச்சாடி. என்னைக் கெடுத்தது யார் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் ஒரு நாள் நீங்கள் மறதியாகத் துடைப்பத்தோடு என் பின்னால் போய்விட்டீர்கள். யாரது என்று அண்ணி கேட்டார். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா என்று கூசாமல் சொன்னேன். ரயில்வே ஆபீசில் முப்பது வருஷம் நாற்காலி போட்டு அதிகாரம் பண்ணின உங்களை! போனை வைத்ததும் விழுந்து விழுந்து சிரித்து, "அப்போ தீபாவளிக்கு எனக்கு ஒரு புடவை உண்டு லா" என்றீர்கள்.

நிஜமாகவே சிரிப்புத்தானா அக்கா? அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட, நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள் போன பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

நீங்கள் போனதும் என் போன் கேமராவுக்கும் திடீரென்று நோய் வந்துவிட்டது. சிக்னல் சரியில்லை, திரை உடைந்துவிட்டது என்று எட்டு மாதம் குரலிலேயே ஓட்டினேன். அப்போதுதான் அண்ணன் மகள் காவ்யாவுக்கு இங்கே ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. அண்ணன் போனிலேயே துள்ளினார். "ஹாஸ்டல் எதுக்கு? உன் வீட்ல மூணு ரூம் இருக்கே. நாங்க வந்து ஒரு எட்டு பார்த்துட்டு, பிள்ளைக்கு எந்த ரூம்னு முடிவு பண்றோம்." டிக்கெட் போட்டாகிவிட்டதாம். மூன்று பேர், ஐந்து நாள்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்கிற ஆள் நான் இல்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. கிள்ளானில் இருக்கும் உங்கள் மகன் மோகனுக்குப் போன் போட்டேன். அண்ணன் குடும்பம் வருகிறது, எங்கள் வீடு சின்னது, அம்மா வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்றேன். அத்தனையும் உண்மை, பாதி உண்மை. தங்கமான பிள்ளை, உடனே சரி என்றான். வெள்ளிக்கிழமைதோறும் வந்து அம்மா படத்துக்கு விளக்கேற்றுகிறவன், "இந்த வாரம் மட்டும் நீங்க ஏத்திடுங்க ஆன்டி" என்றான். கண்டிப்பா ஐயா என்றேன்.

புதன்கிழமை வந்து இறங்கினார்கள். சொந்த வீட்டிலேயே திருடி மாதிரி நடப்பது எப்படி என்று என்னிடம் கேளுங்கள். அண்ணன் குளிக்கப் போனார், சுடுதண்ணீர் சுவிட்சைக் கேட்டார். ஒவ்வொன்றாக ஐந்து சுவிட்சைப் போட்டேன். ஒன்றில் மின்விசிறி, ஒன்றில் வாசல் விளக்கு, கடைசியாக அழைப்பு மணி வேறு அடித்தது. அண்ணன் துண்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வயசாகிறதில்லையா, மறந்துபோகிறது என்று சமாளித்தேன். வியாழக்கிழமை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அண்ணி துணி எடுத்துவிட்டுத் திரும்பும்போது, லிஃப்டில் நம் மூன்றாம் மாடி ஆன்டி என்னைப் பார்த்த பழக்கத்தில் நாலாம் எண்ணை அமுக்கிவிட்டார். கதவு நாலில் திறந்தது. யாரும் இறங்கவில்லை. வியர்த்துவிட்டது அக்கா, ஏசி போட்ட லிஃப்டில்.

செல்வத்துக்கு நடிப்பு வராது. அதனால் வேலையில் நெருக்கடி என்று சொல்லி அவரை நாலாவது மாடியிலேயே பதுக்கி வைத்தேன். காலையில் மேலே வந்து மரியாதைக்கு ஒரு டீ குடித்துவிட்டு, விருந்தாளி மாதிரி விடைபெற்றுப் போவார்.

அண்ணன் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, உங்கள் திரைச்சீலைக் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், காவ்யாவுக்கென்று அவர் தேர்ந்தெடுத்த அறையின் ஜன்னல் என்று எல்லாவற்றையும் முடுக்கினார். தங்கச்சி வீடாம். ஒவ்வொரு திருகாணி இறுகும்போதும் எனக்கு எங்கெங்கோ வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்துமலை. முட்டிவலியோடு படியேறிய அண்ணன், முருகன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு என்னமோ முணுமுணுத்தார். இறங்கும்போது அண்ணி என் காதில் போட்டார்: இவள் வீட்டைப் பார்த்துவிட்டேன், இனிமேல் இவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று நன்றி சொன்னாராம். இருநூறு சொச்சம் படியையும் நான் எண்ணாமலே இறங்கினேன். குரங்கு ஒன்று என் பையைப் பறித்தது. எடுத்துக்கொண்டு போ என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் விளக்கு நேரம். சுவரில் உங்கள் படம் இருந்த இடத்தில் வெறும் ஆணி. மோகனிடம் சொன்ன வார்த்தை மண்டையில் ஓட, நான் சமையலறையில் நின்று ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அறையில் குளிர் அதிகம் என்று போர்வை எடுக்கப்போன அண்ணி, கையில் உங்களோடு வெளியே வந்தார்.

"சரசு, இது அந்த வேலைக்கார அம்மாதானே? போன்ல உன் பின்னாடி போச்சே, அது?"

ஆமாம் என்று தலை தானாக ஆடியது.

"எப்ப செத்துச்சு? பாவம். வேலைக்காரிக்குப் படம் மாட்டி மாலை போடுற மனசு யாருக்கு வரும்? உங்க அண்ணன் சொல்றது சரிதான், உனக்குப் பெரிய மனசு."

பாருங்கள் அக்கா, பொய் எவ்வளவு சௌகரியமாக வந்து மடியில் உட்காருகிறது. நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். காவ்யாவுக்கு அறை கிடைக்கும், அண்ணன் நிம்மதியாக விமானம் ஏறுவார், எனக்குப் பெரிய மனசுக்காரி என்று பட்டமும் உண்டு. அப்புறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு இனிமேல் என்ன வந்துவிடப் போகிறது?

அண்ணி உங்கள் முகத்தில் ஒட்டியிருந்த போர்வை நூலைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அதைப் பார்த்ததும்தான் என் வாய் திறந்தது.

"அண்ணி, அவங்க வேலைக்காரி இல்ல. இது அவங்க வீடு. நாங்க நாலாவது மாடி."

கூடத்தில் நாற்காலி மேல் நின்று கம்பி முடுக்கிக்கொண்டிருந்த அண்ணன் இறங்கினார். ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தார். மூன்று வருஷத்தையும் நின்ற இடத்திலேயே கொட்டினேன். வைஃபை, சோபா உறை, துடைப்பம், எல்லாம். முடித்ததும் அண்ணன், "உன் வீட்டைக் காட்டு" என்றார்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். கதவைத் திறந்த செல்வம், கைலியும் கையில் கரண்டியுமாக நின்றார். அடுப்பில் மீ நூடுல்ஸ் கொதிக்கிறது, கூடத்துக்கு நடுவே கொடியில் எங்கள் துணி. அண்ணன் ஈரச் சட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போய், இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து மேலே போய்விட்டார்.

அவ்வளவுதான், ஹோட்டலுக்குக் கிளம்புகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் படியில் சக்கரம் இடிபடுகிற சத்தம். பெரிய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் வைத்தார். திரும்பப் போய் அடுத்த பெட்டி. செல்வம் கை கொடுக்கப் போனதற்கு ஒரு பார்வைதான் கிடைத்தது. கடைசியாக ஸ்க்ரூடிரைவரையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். காவ்யா சுற்றிலும் பார்த்துவிட்டு, "அத்தை, இங்க வைஃபை இருக்கா?" என்றாள். இருக்குடி, இப்போ இருக்கு என்றேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு என்னை மேலே கூட்டிக்கொண்டு போய், உங்கள் படத்தை அவரே ஆணியில் மாட்டினார். கோணல் பார்த்து இரண்டு தரம் திருத்தினார். நான் விளக்கேற்றினேன்.

"அவங்க பேரு என்ன?"

"ருக்மணி."

"மூணு வருஷமா அவங்க வீட்டையே பாத்துட்டு இருந்திருக்கேன். பேரு கேக்கணும்னு எனக்குத் தோணல பாரு."

மிச்ச இரண்டு நாளும் ஐந்து பேர் அந்த ஒற்றை அறையில். ஒருவர் புரண்டால் நாலு பேர் புரள வேண்டும். என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அண்ணியிடம் சொன்னார். நான் ஓரடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டேன். விமான நிலையத்தில், உள்ளே போகும் நேரத்தில்தான் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை ஹாஸ்டல்லயே இருக்கட்டும் சரசு. இடம் சின்னதுன்னு இல்ல. அவ நல்லா இருக்கான்னு நீ போன்ல சொன்னா, நான் எதை வெச்சு நம்புறது?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். செல்வம்தான் என் கையைப் பிடித்து ரயிலேற்றினார்.

காவ்யா போன வாரம் திரும்பி வந்து ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமிருந்து போன் இல்லை. நேற்று வந்தது, வீடியோவில். கூடத்தில் துணிக்கொடிக்கு அடியில் உட்கார்ந்தபடியே எடுத்தேன். அவர் வழக்கம்போல, என்ன சமையல் என்று கேட்டார். ஞாயிறு என்றால் வஞ்சிரம், ஆட்டுக்கால் என்று நான் அடுக்குவேனே, நீங்கள் உள்ளேயிருந்து வாயைப் பொத்திக்கொண்டு கேட்பீர்களே.

"ஒண்ணும் சமைக்கலண்ணே. ரொட்டி வாங்கினோம்."

"தொட்டுக்க?"

"நேத்து சாம்பார்."

அவர் என் தலைக்கு மேல் தொங்கிய துணியைப் பார்த்தார்.

"இங்கயும் நேத்து சாம்பார்தான்," என்றார்.

இத்தனை வருஷமாக அவரும் எனக்குக் கறிக்குழம்புதான் சொல்லிக்கொண்டிருந்தார், அக்கா.

மோகனிடம் இன்னும் சொல்லவில்லை. அலமாரியையும், வேலைக்காரி என்றதையும் சேர்த்துத்தான். இந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வருவான். நான் முன்னாலேயே போய், உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். பாதி இல்லை, முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவன் உங்கள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் நாலாவது மாடித் தங்கச்சி,
சரசு