மூன்றாவது பெயர்

மே 14, புதன். பினாங்கு

இறங்கும்போதே மழை. குளிர்ச்சியே இல்லாத மழை. நனைந்த பிறகும் வியர்க்கிறது. கோவையிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானம். தூக்கம் சுத்தமாக இல்லை.

அறை ஜார்ஜ் டவுனில், ஒரு பழைய சீனக் கடைவீட்டின் மாடி. வீட்டுக்கார அம்மா எங்கள் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஜன்னலோரக் கட்டில் சுவாதிக்கு. வழக்கம்போல.

ஜூலையில் பெங்களூர். நான், நிவேதா, சுவாதி, ஒன்றாகப் படித்த மூன்று பேருக்கும் வேலை அங்கேதான். நிவேதாவின் அப்பா பார்த்து வைத்திருக்கும் வீட்டில் மூவரும் ஒன்றாக. அதற்கு முன் இப்படி ஒரு பயணம் போகலாம் என்று அவர்கள் இருவரும்தான் பிடிவாதம் பிடித்தார்கள். பினாங்கைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களே.

நிவேதாவின் அம்மா பொள்ளாச்சியிலிருந்து கோவை ஸ்டேஷனுக்கே காரில் வந்து வழியனுப்பினார். புளிச்சோறு, தட்டுவடை, தேங்காய் பர்பி. என் கன்னத்தைத் தடவி, "பாத்துப் போயிட்டு வாங்க அம்மணி. இவளுக்கு வெவரம் பத்தாது. நீதான் பாத்துக்கோணும்" என்றார். ரயில் நகர்ந்த பிறகும் கை ஆட்டிக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷி.

வாங்க: தொப்பி, குடை, அம்மாவுக்கு ஏதாவது ஊறுகாய்.

மே 15, வியாழன்

நல்ல வெயில். பத்து ஃபெரிங்கி கடற்கரை. பஸ்ஸில் போனோம். கடல் நிறம் பால் அதிகம் ஊற்றிய டீ. ஜெல்லி மீன் இருக்கிறது என்று போர்டு. கணுக்காலுக்கு மேல் யாரும் இறங்கவில்லை. சுவாதி வீடியோ எடுத்து எடுத்து போன் சூடாகிவிட்டது.

மணலில் உட்கார்ந்து வீட்டைப் பற்றிப் பேசினேன். யாருக்கு எந்த அறை, திரை என்ன நிறம், வாரத்தில் யார் எந்த நாள் சமையல். நானேதான் பேசிக்கொண்டிருந்தேன். நிவேதா, "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். சுவாதி ரொம்ப நேரம் செருப்பிலிருந்து மணலைத் தட்டினாள்.

நிவேதாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தள்ளிப் போய்ப் பேசுகிறாள். கல்யாணப் பேச்சா என்று சுவாதியிடம் கேட்டேன். "ஆமா, அப்படித்தான் போல" என்று வேகமாகத் தலையாட்டினாள். என்னிடம் சொல்லாமல் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கொஞ்சம் வருத்தம். போகட்டும்.

தோள் எரிகிறது.

மே 16, வெள்ளி

காலை மேகமூட்டம். கொடிமலைக்கு ரயில். செங்குத்தாக ஏறுகிறது. மேலே காற்று, ஊட்டியில் பாதிக் குளிர். கீழே கடல், பாலம், கப்பல்கள்.

ஜாதிக்காய் ஜூஸ் கடை. பக்கத்து பெஞ்சில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மா. எந்த ஊர், என்ன படிப்பு என்று விசாரித்தார். பெங்களூரில் வேலை என்றோம். "மூணு பேரும் ஒரே வீட்டுலயா தங்கப் போறீங்க?" என்றார்.

நான் "ஆமாங்க" என்றேன். அதே நேரத்தில் சுவாதி "இல்லீங்க" என்றாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டு, முதலில் பேசி முடிவு பண்ணுங்கள் என்று எழுந்து போனார். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

அறைக்கு வந்ததும் கேட்டேன். சுவாதி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிவேதாதான் சொன்னாள். பெங்களூர் வீட்டுக்காரர் மூவரின் பெயரையும் கேட்டாராம். இரண்டு பெயர் வரை பேச்சு சரியாகப் போனதாம். மூன்றாவதாக ரிஸ்வானா என்றதும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் தருவோம் என்றாராம். நிவேதாவும் சுவாதியும் கோழிக்கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கழிக்காதவர்கள். அது தடையாக இல்லை. கடைசியில் அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டாராம்.

"அப்பா என்ன பண்ணுவாரு ரிஸ்? ரெண்டு பேருக்குன்னு பேசி முடிச்சுப்போட்டாரு."

எப்போது என்றேன். மார்ச்சில்.

மார்ச்சிலிருந்து நான் திரைத்துணிப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். நன்றாயிருக்கிறது என்று பதில் போட்டார்கள்.

வேறு வீடு பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்த வீடு ஆபீசுக்குப் பக்கம், அப்பாவுக்குத் தெரிந்த இடம், பாதுகாப்பு என்றாள். அதாவது, ஒரு வீடுகூடப் பார்க்கவில்லை.

"அங்க உங்க ஆளுங்க ஏரியா இருக்குதாமல்லொ. அம்மாதான் சொல்லுச்சு. உனக்கும் அதுதான் சௌகரியமா இருக்கும்னு."

உங்க ஆளுங்க. நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் எங்கள் கோட்டைமேட்டு வீட்டில் அம்மா கையால் சாப்பிட்டவள்.

சுவாதி வெளியே வந்து, "உனக்கு மனசு கஷ்டப்படும்னுதான் இந்த டிரிப்பே போட்டோம். உனக்குச் சாப்பாடு செட் ஆகோணும்னுதான் பினாங்கு" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

மே 17, சனி

வெயில். அவர்கள் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிட்டேன். ஃபெர்ரியில் அக்கரைக்குப் போனேன். இறங்காமல் அதே ஃபெர்ரியில் திரும்பலாம் என்று நினைத்தேன், இறக்கிவிட்டார்கள். மறுபடி வரிசை.

பெயரைக் கேட்டு வீடு மறுப்பது புதிதில்லை எனக்கு. மாமா மகன் சென்னையில் அலைந்த கதை தெரியும். முகம் தெரியாத ஒரு வீட்டுக்காரர் மேல் எவ்வளவுதான் கோபப்பட முடியும்? இரண்டாவது வீடு ஒன்றைப் பார்க்கத் தோன்றவில்லையே இவர்களுக்கு, அதுதான்.

மதியம் நாசி கண்டார் என்று ஒரு சோற்றுக் கடை. நல்ல கூட்டம். பரிமாறியவர் தமிழ், தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்களாம். பெயரைக் கேட்டார். சொன்னதும் சலாம் சொல்லி, "நம்ம புள்ளையா" என்று ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினார். கண் கலங்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. இங்கேயும் பெயர்தான். பாதி சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

அத்தா போன். கடையில் இருந்தார். கடல் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்டார். அம்மா பெங்களூர் வீட்டுக்கு மூன்று தட்டு, மூன்று டம்ளர், ஒரு குக்கர் வாங்கி வைத்திருக்கிறாளாம். சரிங்கத்தா என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அறை. நிவேதா அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். "ஏதாச்சும் பேசு கண்ணு. திட்டவாச்சும் திட்டு" என்றாள். திட்ட வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். இப்போதே உன் அப்பாவைக் கூப்பிடு, அந்த வீடு வேண்டாம், மூன்று பேருக்கு வேறு பார்க்கலாம் என்று சொல். கிடைக்கிறதோ இல்லையோ, சொல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அவள் அப்பா தோப்பில் இருந்தார். சாப்பிட்டாயா, கடலில் இறங்காதே, இங்கே நேற்று நல்ல மழை என்றார். ஆள் வைத்துத் தேங்காய் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இவள் "சரிங்ப்பா, சரிங்ப்பா" என்றாள்.

"என்ன கண்ணு, ஏதாச்சும் சொல்லோணுமா?"

என்னைப் பார்த்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்லீங்ப்பா. சும்மாதான் கூப்புட்டேன்."

சுவாதி போய் விளக்கைப் போட்டாள். நான் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன்.

மே 18, ஞாயிறு

விமானம். நடு இருக்கையில் சுவாதி. அவள் பாவம், இரண்டு பக்கமும் மிட்டாய் நீட்டுகிறாள். நிவேதா தூங்குவதுபோல் நடிக்கிறாள். சென்னையில் வெயில் நெருப்பு. கோவை ரயிலில் மேல் பெர்த் வாங்கிக்கொண்டேன்.

ஊறுகாய் வாங்க மறந்துவிட்டேன்.

மே 19, திங்கள். கோட்டைமேடு

விடிகாலை லேசான தூறல். ஸ்டேஷனில் நிவேதாவின் அம்மா, கார். என்னையும் வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மகள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஆனாலும் சிரித்தார்.

"பெங்களூருக்கு எப்பப் போறே அம்மணி? லீவு நாள்ல நம்ம புள்ளைக ஊட்டுக்கு வந்து போயிட்டு இரு."

"வரமாட்டேனுங்க."

மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நிவேதா காருக்குள் ஏறிக்கொண்டாள். சுவாதி மட்டும் கை தூக்கினாள். ஆட்டோ பிடித்தேன்.

அம்மா மார்க்கெட் போயிருந்தாள். அத்தா கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். ஆச்சரியம்கூடப் படவில்லை.

அவர் கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர் பெங்களூரில் இருக்கிறாராம். அவரிடம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் விசாரிக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம். எப்போது என்றேன். அந்த வீட்டுப் பேச்சு ஆரம்பித்த வாரமே.

யார் சொன்னது உங்களுக்கு என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலை கண்ணு."

அப்புறம் ஏன் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவை ஏன் பாத்திரம் வாங்கவிட்டீர்கள் என்று கத்தினேன். நிவேதாவிடம் கத்தாத கத்தெல்லாம் அத்தாவிடம்.

"ஒருவேளை நடந்துட்டா நல்லாருக்குமேன்னு இருந்தேன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.