சாவி கொடுக்காத கடிகாரம்

19-9-1970, சனி

குறுவை பழுத்துவிட்டது. பண்ணைக் காரியக்காரர் துரைராசு காலையிலேயே ஒரு கதிரைக் கிள்ளிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினார். "இதுக்கு மேல தாங்காதுங்க. மழை இறங்குச்சுன்னா நின்னபடியே முளைச்சிடும்." இரண்டு வேலி நிலம். அடுத்த வருஷ விதைநெல்லும் அதில்தான் நிற்கிறது.

நல்லவேளை, நேற்று தாசில்தார் முன்னிலையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை வேலை. அப்பா காலத்தில் வெளுக்கும்போது இறங்கி இருட்டும்போது கரையேறுவார்கள். இப்போது மணி பார்க்க வேண்டுமாம். சரி, மணி என்றால் மணி. குத்தாலத்தில் யாரிடமும் இல்லாத கைக்கடிகாரம் என்னிடம்தானே இருக்கிறது?

லெகூல்ட்ர் ஃப்யூச்சர்மேட்டிக். வைகாசியில் கடைத்தெரு லியாகத் அலி பாயிடம் வாங்கியது. அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பக்கத்தில் சாவி கொடுக்கும் திருகே கிடையாது. சாவி கொடுக்கும் வேலையே இல்லை, தானாக ஓடும். "உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே செஞ்சதுங்க" என்றார் பாய்.

21-9, திங்கள்

எட்டு மணிக்கு நாற்பது பேர் வரப்பில் வந்து நின்றார்கள். திங்கட்கிழமை எட்டு மணி ராகு காலம். ஒன்பதுக்கு ஆரம்பிக்கலாமே என்றேன். சங்கத் தலைவன் முருகையன் பணிவாகத்தான் சொன்னான்: "ஒப்பந்தத்துல ராகு காலம் இல்லிங்களே."

அது போகட்டும். மாலையில் நான் வயலுக்குப் போனபோது எல்லாரும் கரையேறிக்கொண்டிருந்தார்கள். என் கடிகாரத்தில் நாலு நாற்பது. "இன்னும் இருபது நிமிஷம் இருக்குடா, இறங்குங்க" என்றேன். முருகையன் வாய்க்காலில் இடது கையை முழங்கை வரை முக்கி அலசி, எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

ரோலெக்ஸ். தேதி காட்டுகிற ரோலெக்ஸ்.

"அஞ்சு ஆயிடுச்சுங்க அய்யா."

எனக்குத் தலை சுற்றியது. இருபது நிமிடம் போனால் போகிறது. முருகையன் கையில் ரோலெக்ஸா? வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "எந்தக் கடிகாரத்து மணின்னு முடிவு பண்ணிட்டு ஆளு அனுப்புங்க, வர்றோம்" என்று சொல்லிப் போய்விட்டான். ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். எட்டு என்றிருக்கிறது, ஐந்து என்றிருக்கிறது. யாருடைய எட்டு, யாருடைய ஐந்து என்று ஒரு படுபாவியும் எழுதவில்லை.

22-9, செவ்வாய்

யாரும் வரவில்லை. வெளியூர் ஆட்களும் வரப்பில் நட்டிருந்த சங்கக் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

துரைராசு, "திருச்சி ரேடியோவுல மணி சொல்றாங்களே, அதை வெச்சிக்கலாமேங்க" என்றார். ரேடியோ அரசாங்கத்துடையது. அரசாங்கம் அவர்கள் பக்கம். மணியை மட்டும் எனக்கு நேர்மையாகச் சொல்லிவிடுவார்களா? ரயிலைப் பார்க்கலாம் என்றார். ரயிலைப் பார்த்து அறுத்தால் பொங்கலுக்குத்தான் அறுப்பு முடியும்.

23-9, புதன்

சீர்காழியிலிருந்து மைத்துனர் தியாகராசன் வந்தார். அவரிடம் ஒமேகா கான்ஸ்டலேஷன். பின்பக்கம் ஒரு வானாய்வுக்கூடமும் எட்டு நட்சத்திரமும் பொறித்திருக்கிறது. "வானத்தையே சாட்சியா வெச்சிருக்கான், மாமா" என்றார். சாட்சி எல்லாம் முதுகுப்பக்கம் இருக்கிறது, மணி பார்க்கிறவனுக்கு என்ன பிரயோஜனம்?

பொறுமையாக உட்கார்ந்து மூன்றையும் மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தேன். ரோலெக்ஸின் திருகை இறுக்கிவிட்டால் சேற்றில் முக்கினாலும் தண்ணீர் போகாது. நான் எதற்குச் சேற்றில் முக்க வேண்டும்? தேதிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறான். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, சுவரில் நாட்காட்டியும் தொங்குகிறது. ஒமேகா மெல்லிசு, பார்வைக்குக் கண்ணியம். ஆனால் ரோலெக்ஸ், ஒமேகா இரண்டுக்கும் திருகு உண்டு, வேண்டுமென்றால் சாவி கொடுக்கலாம். அங்கேதான் கௌரவம் போய்விடுகிறது. என்னுடையதற்குத் திருகு முதுகில், அதுவும் முள்ளைத் திருப்பி வைக்க மட்டும். போதாததற்கு முகத்தில் ஒரு குட்டி முள். உள்ளே எவ்வளவு ஓட்டம் மிச்சம் இருக்கிறது என்று காட்டும். வேறு எதில் இருக்கிறது அது?

அந்தக் குட்டி முள் மட்டும் எப்போதும் சிவப்புக் கோட்டிலேயே நிற்கிறது. அதுதான் உச்சம் போலிருக்கிறது.

25-9, வெள்ளி

ஜும்மா தொழுகை முடித்துவிட்டு லியாகத் அலி பாய் வந்தார். சங்கத்துக்கு ரோலெக்ஸை இரவல் கொடுத்தது இவர்தானாம்! தன் மூன்று மா நிலத்தை முதலில் அறுத்துக் கொடுப்பார்கள் என்று. "கடைக்காரனுக்கு ஏதுங்க கட்சி" என்கிறார்.

என் கடிகாரத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"முள்ளு சிவப்புல நிக்குதேங்க. இது கை ஆடினாத்தான் சாவி ஏறும். நீங்க கையை ஆட்டறதே இல்லையா?"

ஏன் ஆட்டாமல் என்றேன். எப்போது என்று கேட்டார். யோசித்தேன். காலையில் சாய்வு நாற்காலி, அதன் கையில் என் கை. குளிக்கும்போது கழற்றிவிடுகிறேன். பூஜைக்குக் கழற்றிவிடுகிறேன். சாப்பாடு வலது கையால், கடிகாரம் இடது கையில். வெற்றிலை மடித்துத் தருவது என் மனைவி தர்மாம்பாள். பிறகு மத்தியானத் தூக்கம். ஆக, நான் தூங்கும்போது அதுவும் தூங்கியிருக்கிறது. எழுந்து துண்டை உதறியதும் அதுவும் எழுந்து ஓடியிருக்கிறது. அன்றைக்குக் காணாமல் போன இருபது நிமிடம் அதுதான் என்கிறார் பாய்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் விட்டு முருகையனை வரவழைத்து ஒரு பரீட்சை வைத்தோம். மூன்று நாளைக்கு என்னுடையது அவன் கையில், அவனுடையது என் கையில். ரோலெக்ஸுக்குச் சாவி கொடுக்கக்கூடாது என்று விதி போட்டவன் நான்தான்.

26-9, சனி

கிழக்கே மழைக் கருக்கல். ரோலெக்ஸ் கனக்கிறது.

28-9, திங்கள்

ரோலெக்ஸ் ஒன்பது பத்துக்கு நின்றுவிட்டது. என் கையில்.

முருகையன் மூன்று நாளும் பாயின் நிலத்தில் அறுத்திருக்கிறான். என் லெகூல்ட்ரின் குட்டி முள் உச்சியில் ஏறி நிற்கிறது. உச்சி அந்தப் பக்கமாம். ரேடியோ மணிக்கும் அதற்கும் துளி வித்தியாசம் இல்லை. பாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடிகாரம் ரெண்டும் தங்கம்ங்க. குத்தம் சொல்ல முடியாது."

அப்படியென்றால் யாரைச் சொல்கிறார்?

29-9, செவ்வாய்

கடிகாரம் என் கைக்கே திரும்பிவிட்டது. கையை ஆட்டுவது என்று முடிவெடுத்தேன். காலையில் கோயிலைச் சுற்றி இடது கையை வீசிக்கொண்டு பதினோரு சுற்று. மாலையில் கடைத்தெரு வரை வீசிக்கொண்டே போனேன். நான் தங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து நாலு பேர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பிறகு மிராசுதாருக்குக் கை இழுப்பு என்று ஊரெல்லாம் செய்தி. தியாகராசன் டாக்டரோடு வந்து இறங்கினார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். அவ்வளவு வீசியும் முள் உச்சியிலிருந்து மறுபடி சிவப்பை நோக்கித்தான் இறங்குகிறது.

1-10, வியாழன்

மழை. அரை மணி நேரம்தான். பள்ளத்து வயல் சாய்ந்துவிட்டது. துரைராசு ஒரு கதிரைக் கொண்டுவந்தார், நுனியில் வெள்ளையாக முளை.

பயமாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்ல? மேட்டு வயலும் போனால் அடுத்த வருஷம் விதைநெல்லுக்கு அடுத்தவன் வாசலில் நிற்க வேண்டும். இந்த வீட்டில் அது நடந்ததே கிடையாது.

3-10, சனி

முருகையன் வந்தான். அவனுக்கும் மனசு கேட்கவில்லை போலும். "முத்தின கதிர் உதிர்றதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியலீங்க" என்றான். இரண்டு வழி சொன்னான். ஒன்று, அவன் ரோலெக்ஸ் மணியை நான் ஏற்றுக்கொள்வது. இல்லையென்றால் என் கடிகாரத்தையே அவன் கட்டிக்கொள்வது.

முதலாவது முடியாது. இரண்டாவது... என் நேரத்தை அவன் கையில் கட்டிவிடுவதா? அதுவும் முடியாது என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

தர்மாம்பாள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஆட்கள் முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை. "ஏங்க, அவரு கையிலயும் வேணாம், நாற்காலிக் கையிலயும் வேணாம். கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு நீங்களே வயல்ல இறங்கி அறுங்க. ஓடுதா இல்லையான்னு பாத்துடலாம்."

நீ உள்ளே போ என்றேன். போகவில்லை. முருகையனுக்குச் சிரிப்பு வந்தது, வாயைத் துண்டால் மூடிக்கொண்டான். வெளியே இடி இடித்தது. நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போதுகூட விளங்கவில்லை.

5-10, திங்கள்

எட்டு மணிக்கு இறங்கினேன். ராகு காலம் பற்றி நான் பேசவில்லை.

முருகையன் ஒரு கருக்கரிவாளைக் கொடுத்து எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினான். இடது கையால் தாளைச் சேர்த்துப் பிடித்து, வலது கையால் இழுத்து அறுக்க வேண்டும். ஐம்பத்திநாலு வருஷம் இந்த நெல்லைத் தின்றிருக்கிறேன். அதன் தாள் இப்படிக் கையைக் கிழிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் அறுத்த பெண்பிள்ளை இரண்டு முறை என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பத்து மணிக்கே குட்டி முள் சிவப்பைத் தாண்டியது. சாப்பாட்டு நேரத்தில் பாதிக்கு மேல். நான் எல்லாருக்கும் காட்டினேன், சிலர் வந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. இடுப்பு என்று ஒன்று இருப்பதே வலியால்தான் தெரிந்தது. வெயில் சாய்ந்ததும் போதும், ஐந்து ஆகியிருக்கும் என்று நினைத்து அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் ஒரு காலை வைத்தேன்.

முருகையன் நிமிர்ந்து பார்த்தான். அவன் தன் கையைப் பார்த்தான், நான் என் கையைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மணி. நாலு நாற்பது.

"இன்னும் இருபது நிமிஷம் இருக்குதுங்க அய்யா" என்றான்.

கிண்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். நாற்பது பேரும் அறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. காலை வரப்பிலிருந்து எடுத்தேன். குனிந்தேன்.

இருபது நிமிடம் இவ்வளவு நீளமா? இதற்காகவா அன்றைக்கு அந்தச் சத்தம் போட்டேன்?

6-10, செவ்வாய்

குட்டி முள் உச்சியில் நிற்கிறது. கையைத் தூக்கத்தான் முடியவில்லை. இதை எழுதுவதற்குள் நாலு முறை பேனா விழுந்துவிட்டது. மேட்டு வயலில் பாதி அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது, விதைநெல் தனியாக. வானம் வெளுத்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் இப்படியே இருந்தால் போதும்.

கரையேறும்போது எல்லாரையும் நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொன்னேன். முருகையன் தலையாட்டினான். என்னையும் எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான்.